ஈயச்சொம்பு உலோகம், பூட்டிய கோட்டை, பாய்மரக் கப்பல்: ஐரோப்பியத் தொழிலின் கதை தெரியுமா?

பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு எந்த உலோகமோ, அதே வெள்ளீயம்தான் இன்றைய உயர்ரக செல்போன் சிப் பிறப்பதற்கும் காரணம் என்றால் நம்புவீர்களா?

நெதர்லாந்தில் ஐந்தோவனை ஒட்டி ஃபெல்ட்ஹோவன் என்று ஓர் ஊர். அங்கே ஏஎஸ்எம்எல் என்று ஒரு கம்பெனி. அவர்கள் செய்யும் இயந்திரத்துக்குள், காற்றை முழுக்க உறிஞ்சிவிட்ட அறையில், உருகிய வெள்ளீயம் சொட்டுச் சொட்டாகப் பாய்கிறது. வினாடிக்கு 50,000 சொட்டுகள்! ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாய்கிற பாய்ச்சலிலேயே ஒவ்வொரு சொட்டின் மேலும் லேசர் இரண்டு முறை அடிக்கிறது. முதல் அடியில் சொட்டு தட்டையாகிறது. இரண்டாவது அடியில் சுமார் 2,20,000 டிகிரிக்குச் சூடேறி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைக் கக்குகிறது. சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான்!

அந்த ஒளியின் அலைநீளம் 13.5 நானோமீட்டர். சிலிக்கன் தட்டில் நுணுக்கமான சுற்றுகளை வரைவது அதுதான். இந்த இயந்திரத்தைச் செய்யத் தெரிந்த கம்பெனி உலகத்திலேயே இது ஒன்றுதான். தைவானின் டிஎஸ்எம்சி, கொரியாவின் சாம்சங், அமெரிக்காவின் இன்டெல் மூன்றும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் போட்டியாளர்கள். ஆனால் 2012-ல் மூவருமே வரிசையில் வந்து இந்த ஒரே கம்பெனியில் பங்கு வாங்கினார்கள். வேறு கடை இல்லையே! 1984-ல் இது தொடங்கியது எங்கே தெரியுமா? பிலிப்ஸ் அலுவலகத்துக்குப் பக்கத்தில், மழை பெய்தால் ஒழுகும் ஒரு கொட்டகையில்.

சரி, லேசர் எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் டிட்ஸிங்கன் என்ற ஊரிலிருந்து. கம்பெனியின் பெயர் ட்ரும்ஃப் (அமெரிக்க அதிபரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு குடும்பம்). அந்த ஒரு லேசர் கருவிக்குள் மட்டும் 4,57,329 பாகங்கள்! கண்ணாடிகள் வருவது இன்னொரு சின்ன ஊரான ஓபர்கோகனிலிருந்து, கார்ல் ஸைஸ் ஆலையிலிருந்து. இந்த ஒளியைச் சாதாரண லென்ஸ் விழுங்கிவிடும். காற்றும் விழுங்கிவிடும். அதனால் எல்லாம் கண்ணாடியில் பட்டுத் தெறித்துத்தான் போகவேண்டும். சிலிக்கனும் மாலிப்டினமும் மாறி மாறி அடுக்கடுக்காகப் பூசிய கண்ணாடி அது. அப்படியும் ஒவ்வொரு கண்ணாடியிலும் கிட்டத்தட்ட 30 சதவீத ஒளி வீணாகிறது. பத்துக் கண்ணாடி தாண்டுவதற்குள் மிஞ்சுவது சில சதவீதம்தான். அந்தக் கண்ணாடி எவ்வளவு வழவழப்பு தெரியுமா? அதை ஜெர்மனி நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கினால், அதிலுள்ள மிக உயரமான மேடு 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்கிறது ஸைஸ்!

இப்போது இதைக் கேளுங்கள். ஸைஸ் ஓபர்கோகனில் பிறந்த கம்பெனியே அல்ல. அதன் சொந்த ஊர் கிழக்கே யேனா. 1945-ல் அமெரிக்கப் படைகள் யேனாவைப் பிடித்தன. ஒப்பந்தப்படி அதை ரஷ்யர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதற்குச் சில நாள் முன்பு அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? கட்டடத்தை விட்டார்கள், இயந்திரத்தில் பெரும்பங்கை விட்டார்கள். கம்பெனியின் முக்கிய அறிவாளிகளைக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு மேற்கே போய்விட்டார்கள்! பின்னால் வந்த ரஷ்யர்கள் யேனா ஆலையின் இயந்திரங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். எண்பது வருஷம் கழித்துப் பார்த்தால், உலகின் மிக நுட்பமான கண்ணாடி எங்கே உருவாகிறது? அந்த மனிதர்கள் குடியேறிய இடத்தில்.

அதைவிட ஆச்சரியம், ஸைஸ் கம்பெனியை யாராலும் விலைக்கு வாங்க முடியாது! எர்ன்ஸ்ட் ஆபே என்ற இயற்பியலாளர் 1889-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, தன் பங்கை அதற்கு எழுதி வைத்துவிட்டார். இன்றுவரை முதலாளி அந்த அறக்கட்டளைதான். 1900-லேயே எட்டு மணி நேர வேலை கொண்டுவந்த கம்பெனி இது. பாஷ் கம்பெனியிலும் இதே கதைதான். சுமார் 94 சதவீதப் பங்கு ஓர் அறக்கட்டளையின் கையில். பங்குச்சந்தையில் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போக ஆளே வரமுடியாது.

வித்தையை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஆசை ஐரோப்பாவுக்கு இன்று நேற்று வந்ததில்லை. 1291-ல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை எல்லாம் முரானோ தீவுக்கு மாற்றச் சொன்னது. காரணம் தீ விபத்துப் பயம். ஆனால் ரகசியத்தைக் காப்பதற்கும் தீவு வசதியாகப் போயிற்று. கண்ணாடிக் கைவினைஞர் ஊரைவிட்டு ஓடினால் தண்டனை. உள்ளேயே இருந்தால் ராஜமரியாதை. அவர்களின் பெண்களைப் பிரபுக்கள் மணக்கலாம், பிறக்கும் பிள்ளையும் பிரபுதான்! இதையெல்லாம் மீறி 1665-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் சிலரை ஆசைகாட்டி பாரிஸுக்கு இழுத்து, அரசு ஆதரவில் ஒரு கண்ணாடிக் கம்பெனி தொடங்கினார். வந்தவர்களில் இருவர் அடுத்தடுத்துச் செத்துப்போக, வெனிஸ் விஷம் வைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனாலும் வித்தை கைமாறிவிட்டது. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மாளிகையில் மின்னும் 357 கண்ணாடிகளும் வெனிஸ் சரக்கு இல்லை, பாரிஸ் சரக்கு. அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது, பெயர் செயின்ட் கோபைன். ஆமாம், 2000-லிருந்து நம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்துகொண்டிருக்கும் அதே செயின்ட் கோபைன்!

இன்னும் பெரிய பூட்டு ஜெர்மனியின் சாக்ஸனியில் தொங்கியது. மட்டமான உலோகத்தைத் தங்கமாக்குவேன் என்று பீற்றிக்கொண்ட போட்கர் என்ற இளைஞனை, அகஸ்டஸ் மன்னர் பிடித்துக் காவலில் வைத்தார். தங்கம் வரவில்லை. வந்தது பீங்கான்! அதுவரை கிழக்காசியாவுக்கு மட்டுமே தெரிந்த வெள்ளைப் பீங்கானின் சூத்திரம் 1708-ல் அவன் கையில் சிக்கியது. அறிஞர் ச்சிர்ன்ஹவுஸ் கூட இருந்தார்; பெருமை யாருக்கு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1710-ல் எல்பே ஆற்றங்கரைப் பாறைமேல் இருக்கும் மைஸன் கோட்டைக்குள் ஆலையைக் கொண்டுபோய் வைத்தார் மன்னர். கோட்டை, காவல், சத்தியப் பிரமாணம் எல்லாம் உண்டு. பலன்? 1719-ல் ஸ்டோல்ஸல் என்ற கைதேர்ந்த தொழிலாளி வியன்னாவுக்கு ஓடிப்போய், அங்கே பீங்கான் செய்து காட்டிவிட்டார். அடுத்த வருஷமே மனம் மாறி, வியன்னா ஆலையின் மண் கலவையை நாசம் செய்துவிட்டு மைஸன் திரும்பினார். சும்மா திரும்பவில்லை, ஹெரோல்ட் என்ற அபாரமான ஓவியரையும் கூட்டிக்கொண்டு வந்தார்! மைஸன் பீங்கானுக்குப் பேர்வாங்கித் தந்தது அந்த ஓவியர் கைதான். பூட்டு வித்தையைக் காப்பாற்றவில்லை. வந்துசேர்ந்த ஆள்தான் வளர்த்தார்.

மைஸனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது டிரெஸ்டன். ஐரோப்பாவில் செய்யும் சிப்புகளில் மூன்றில் ஒன்று எங்களுடையது என்று சாக்ஸனிக்காரர்கள் இன்று மார்தட்டுகிறார்கள். எப்படி வந்தது இந்தச் சிறப்பு? கிழக்கு ஜெர்மனி காலத்திலேயே, 1961-லிருந்து, அங்கே சிப் ஆராய்ச்சி நடந்தது. 1988-ல் ஒரு மெகாபிட் சிப் செய்து அதிபர் ஹோனக்கரிடம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுவருஷம் பெர்லின் சுவர் விழுந்தது. ஆனால் பயிற்சி பெற்ற பொறியாளர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களைத் தேடித்தான் 90-களில் சீமென்ஸ் வந்தது, ஏஎம்டி வந்தது. 2021-ல் பாஷ் ஒரு பெரிய ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சியே வந்து அடிக்கல் நாட்டியது. மொத்தச் செலவு 1,000 கோடி யூரோவுக்கு மேல். அதில் ஜெர்மன் அரசின் உதவி மட்டும் 500 கோடி!

காசு மட்டும் போதுமா? அதே ஜெர்மனியின் மாக்டபர்க்கைப் பாருங்கள். அங்கே இன்டெல் ஆலை வருகிறது என்று 2022-ல் அறிவிப்பு. முதலீடு 3,000 கோடி யூரோ, அரசு உதவி சுமார் 1,000 கோடி என்று பேச்சு. 2024-ல் தள்ளிவைத்தார்கள். 2025 ஜூலையில் கைகழுவிவிட்டார்கள். வட ஸ்வீடனின் ஷெலெஃப்டியோவில் மின்வாகன பேட்டரி செய்யக் கிளம்பிய நார்த்வோல்ட்டோ சுமார் 1,500 கோடி டாலர் திரட்டியும் 2025 மார்ச்சில் திவால். ஏன்? பேட்டரி செய்வதில் நுட்பம் பாதி, கைப்பழக்கம் பாதி. ஆசியாவில் அந்தப் பழக்கம் வரப் பல வருஷம் பிடித்தது. இவர்கள் எடுத்தவுடனேயே எல்லாவற்றையும் செய்யப் பார்த்தார்கள்.

ஒரே வருஷம், இரண்டு கம்பெனிகள், இரண்டு விதமான தலையெழுத்து. இது தெரியுமா? 2016-ல் ஆக்ஸ்பர்க்கின் ரோபோ கம்பெனி கூக்காவை சீனாவின் மிடியா சுமார் 450 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. ஜெர்மனி கையைப் பிசைந்ததோடு சரி. அதே வருஷம் ஆகன் நகருக்குப் பக்கத்திலுள்ள ஆய்க்ஸ்ட்ரானுக்கும் சீன முதலீட்டாளர் விலை பேசினார். சிப்புக்கான படலங்களை வளர்க்கும் இயந்திரம் செய்யும் கம்பெனி அது. விற்கலாம் என்று முதலில் தலையாட்டிய ஜெர்மனி, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் கதையை முடித்தது யார்? அமெரிக்க அதிபர் ஒபாமா! ஜெர்மன் கம்பெனிக்குக் காவல் வாஷிங்டனில் இருந்து வந்தது. இப்படிப்பட்ட விற்பனைகளைச் சல்லடை போட்டுப் பார்க்கும் ஐரோப்பிய விதி அமலுக்கு வந்தது 2020-ல்தான்.

இருப்பதிலேயே வேடிக்கை நெக்ஸ்பீரியா. அது டச்சுக் கம்பெனி, முதலாளி சீனாவின் விங்டெக். செய்வது ஒன்றும் ஏஎஸ்எம்எல் போல மாயாஜாலம் இல்லை. சில காசு விலையுள்ள டயோடு, டிரான்சிஸ்டர். ஆனால் வருஷத்துக்கு 10,000 கோடிக்கு மேல் செய்கிறார்கள்! 2025 செப்டம்பர் கடைசியில் டச்சு அரசு அந்தக் கம்பெனியின் கடிவாளத்தைத் தன் கையில் எடுத்தது. பயன்படுத்திய சட்டம் 1952-ஐச் சேர்ந்தது, தூசு தட்டி எடுத்தார்கள். சில நாளிலேயே சீனா அங்கிருந்து ஏற்றுமதியைத் தடுத்தது. உடனே உலகம் முழுக்கக் கார் கம்பெனிகளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஹோண்டா வட அமெரிக்காவில் உற்பத்தியைக் குறைத்தது. என்ன காரணம்? சிலிக்கன் தட்டு ஹாம்பர்க்கில் தயாராகிறது. அதை வெட்டி, கால் பொருத்தி, உறை போடும் வேலையில் பெரும்பகுதி நடப்பதோ சீனாவின் டோங்குவானில்! ஐரோப்பாவில் செய்த பொருள் சீனா போய்த் திரும்பினால்தான் ஐரோப்பியக் காரில் ஏறும். நவம்பரில் டச்சு அரசு உத்தரவை நிறுத்திவைத்தது.

ராக்கெட் கதை இன்னொரு ரகம். 70-களில் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து சிம்பொனி என்ற செயற்கைக்கோளைச் செய்தன. ஏவுவதற்கு அமெரிக்கா போட்ட நிபந்தனை: வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது! அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் ஏரியான். 1979 டிசம்பர் 24-ல் முதலில் பறந்தது. இப்போது ஏரியான் 6. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தில் எந்த நாடு எவ்வளவு காசு போடுகிறதோ, அந்த அளவுக்கு அந்த நாட்டுக்கு வேலை தரவேண்டும் என்பது விதி. பங்காளி வீட்டுப் பாகப்பிரிவினை கெட்டது போங்கள்! அதனால் ராக்கெட்டின் துண்டுகள் ஊர் ஊராகத் தயாராகின்றன. ப்ரேமனிலும் லெஹாவ்ரிலும் போர்தோவிலும் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு, அட்லான்டிக்கைக் கடந்து தென் அமெரிக்காவில் உள்ள கூரூ ஏவுதளத்துக்குக் கொண்டுபோகிறது கனோப்பே என்ற கப்பல். அதை ஓட்ட எஞ்சினுக்குத் துணையாக என்ன இருக்கிறது தெரியுமா? நான்கு ராட்சதப் பாய்கள்! ராக்கெட்டுக்குப் பாய்மரக் கப்பல்! இவ்வளவும் செய்தும், ஏரியான் 6 தாமதமானதால், 2024-ல் தன் கலிலியோ செயற்கைக்கோள்களை ஏவ ஐரோப்பா ஸ்பேஸ்எக்ஸிடம்தான் போய் நின்றது.

மறுபடி சிப்புக்கு வருவோம். 2030-க்குள் உலகச் சிப் சந்தையில் 20 சதவீதத்தைப் பிடிப்போம் என்று 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது. 11.7 சதவீதம்தான் எட்டும் என்று ஒன்றியத்தின் சொந்தக் கணிப்பையே எடுத்துக் காட்டியது, 2025-ல் வந்த ஐரோப்பியத் தணிக்கை மன்ற அறிக்கை.

ஃபெல்ட்ஹோவன் கதையிலும் ஒரு முடிச்சு உண்டு. அந்த ஒளியை உண்டாக்கும் நுட்பத்தை ஏஎஸ்எம்எல் 2013-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இருந்த சைமர் கம்பெனியை வாங்கித்தான் பெற்றது. அந்த இயந்திரம் சீனாவுக்குப் போகாமல் இருப்பதில் அமெரிக்காவின் கையும் இருக்கிறது. 2024-ல் ஏஎஸ்எம்எல் இன்னொரு கலக்கத்தையும் கிளப்பியது. வெளிநாட்டுப் பொறியாளர்கள் வருவதற்குக் கெடுபிடி, ஊரில் வீடு கிடைப்பதில்லை, சாலையில் நெரிசல். இப்படியே போனால் விரிவாக்கத்தை வேறு நாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பேச்சு கிளம்பியது. டச்சு அரசு பதறிப்போய் 250 கோடி யூரோவை எடுத்து வைத்தது. திட்டத்துக்கு வைத்த பெயர் பேத்தோவன்! அந்தப் பணம் எங்கே போகிறது? ஐந்தோவன் வட்டாரத்தில் வீடு, பள்ளி, தொழிற்கல்வி, சாலை, மின்தடம். இதுவரை சொன்ன அத்தனை பூட்டு, சட்டம், மானியம் எல்லாவற்றிலும், என் கணக்கில், உருப்படியாகச் செலவான காசு இதுதான்.