உங்களுக்குத் தெரியுமா? காங் வருமுன் வரும் மூன்று சுரங்கள்

வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால், வலமிருந்து இடமாக அடுத்தடுத்த மூன்று கட்டைகளை நிதானமாக, அழுத்தி வாசித்துப் பாருங்கள். ‘பி’ எனும் வெள்ளைக்கட்டை, அதை ஒட்டிய கறுப்பு, பிறகு ‘ஏ’ எனும் வெள்ளை. ‘கிங் காங்’ (1933) வந்துவிட்டது! அரை அரை சுரமாகக் கீழே இறங்கும் இந்த மூன்றைத்தான் இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனர் அந்த ராட்சதக் குரங்கின் அடையாளமாக வைத்தார். படத்தில் காங்காக அசைந்தது பெரும்பாலும் சுமார் 18 அங்குலப் பொம்மை. வில்லிஸ் ஓ’பிரையன் அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம்பிடித்தார். அந்தச் சின்ன உடம்புக்கு எடை கொடுத்தவை அடித்தொண்டையில் முழங்கும் பித்தளை ஊதுவாத்தியங்கள்.

★

டைட்டில் ஓடி முடிந்ததும் படத்தில் இசை நின்றுவிடும். நியூயார்க் தெரு, துறைமுகம், கப்பல் பயணம் எல்லாவற்றுக்கும் வெறும் பேச்சும் சத்தமும்தான். ஏறத்தாழ இருபது நிமிடம் இப்படியே போகும். கப்பல் மூடுபனிக்குள் புகுந்து ஸ்கல் தீவை நெருங்கும்போதுதான் ஹார்ப் மெல்லத் தொடங்கும். கூடவே, தூரத்தில் ஒரு முழக்கம். கப்பலில் இருப்பவர்களும் அதைக் காதில் வாங்கி, கரையில் மோதும் அலையா, முரசா என்று பேசிக்கொள்வார்கள். அந்த முரசு தீவு மக்களுடையது. அதே நேரம் வாத்தியக்குழுவுடையதும்கூட. கதை எங்கே முடிந்து பின்னணி இசை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அந்தப் பனிக்குள் நுழையும்போது இன்றைக்கும் என் கை நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. நகரத்துக்கு இசை தேவைப்படவில்லை, காட்டுக்குத் தேவைப்பட்டது. அதை 1933-லேயே ஒருவர் கண்டுகொண்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

★

இந்த இசை எழுதப்படாமலே போயிருக்கும். பேசும் படம் வந்த புதிதில், வசனக் காட்சிக்குப் பின்னால் வாத்தியம் ஒலித்தால் ‘இது எங்கிருந்து வருகிறது?’ என்று ரசிகர்கள் குழம்புவார்கள் எனத் தயாரிப்பாளர்கள் பயந்தார்கள். ஆர்.கே.ஓ. நிறுவனம் வேறு பணமுடையில் இருந்தது. கைவசம் இருக்கும் பழைய இசைத் துண்டுகளை ஒட்டிக் கொடுத்தால் போதும் என்று ஸ்டைனருக்கு உத்தரவு. படத்தை எடுத்தவர்களில் ஒருவரான மெரியன் கூப்பர் குறுக்கே வந்தார். நீங்கள் எழுதுங்கள், செலவு என் பொறுப்பு என்றார். ஸ்டைனர் பிற்பாடு சொன்ன கணக்குப்படி அந்தச் செலவு 50,000 டாலர். மொத்தப் படத்துக்கும் ஆனதே சுமார் 6,70,000 டாலர்தான். 46 பேர் வாசித்தார்கள்.

★

தீவின் தலைவர் படியிறங்கி வரும் காட்சியைக் காதால் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் விழும். அவர் நின்றால் இசையும் நிற்கும். கார்ட்டூன் படத்து உத்தி இது. ஹாலிவுட்டில் இதற்கு மிக்கி மவுஸின் பெயரையே வைத்துவிட்டார்கள். கார்ட்டூனில் சிரிக்க வைப்பது இங்கே வயிற்றைக் கலக்குகிறது.

★

காங்கின் உறுமல் யாருடையது? சிங்கமும் புலியும் தந்தவை. மர்ரி ஸ்பிவாக் என்ற ஒலிக்கலைஞர் மிருகக்காட்சி சாலையில் பதிவு செய்த கர்ஜனைகளைப் பின்னோக்கி ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்து, ஒன்றோடொன்று கலந்தார். ஸ்பிவாக் அடிப்படையில் டிரம்ஸ் வாசிப்பவர். பின்னாளில் லூயி பெல்சன் போன்ற பெரிய டிரம்ஸ் கலைஞர்களுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அதனாலோ என்னவோ, உறுமலும் வாத்தியமும் ஒன்றையொன்று மிதிக்காமல், சுருதி பார்த்துச் சேர்ந்ததுபோல் போகும். டைரனோசரோடு காங் கட்டிப்புரளும் நீண்ட சண்டையில் ஸ்டைனர் முழுவதுமாக ஒதுங்கிக்கொண்டு களத்தை இவரிடமே விட்டுவிட்டார். கடைசியில், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் விமானங்கள் சுடும்போதும் வாத்தியங்கள் வாயை மூடிக்கொள்ளும். எஞ்சின் இரைச்சலும் துப்பாக்கியும் மட்டும் கேட்கும். காங் குண்டடிபட்டுத் தளர்ந்த பிறகுதான் இசை திரும்பி வரும். அப்போது அதே மூன்று சுரங்கள், ஆனால் மிரட்டலாக இல்லை. துக்கமாக.

★

காங்கின் மூன்று சுரத்துக்கு ஒரு வாரிசு உண்டு. அமேசான் காட்டு நீர்நிலையில் செவுள்கொண்ட மனிதன் வாழ்வதாகக் காட்டிய ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ (1954). அந்த உயிரின் நகம் தெரிந்தாலே போதும், ஊதுவாத்தியங்கள் மூன்று சுரங்களை அலறிவிடும். இதை எழுதியவர் ஹெர்மன் ஸ்டைன். அவரோடு ஹான்ஸ் சால்ட்டரும், பின்னாளில் ‘பிங்க் பேந்தர்’ மெட்டால் உலகப் புகழ்பெற்ற ஹென்றி மான்சினியும் பகுதி பகுதியாக இசையமைத்தார்கள். டைட்டிலில் மூவர் பெயரும் இல்லை. இசை மேற்பார்வையாளர் ஜோசப் கெர்ஷன்சன் பெயர் மட்டும்தான். ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்துக்கு இசையமைப்பாளர்களை வைத்திருந்த காலத்தின் வழக்கம் அது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

★

‘பிரிடேட்டர்’ (1987) படத்தின் வேட்டைக்காரன் இலையோடு இலையாக மறைந்து நிற்பவன். கண்ணுக்குத் தெரியாதவனை ஆலன் சில்வெஸ்ட்ரி தோல்வாத்தியங்களால் நடக்க வைத்தார். கடைசி மோதலில் வெகுநேரம் வசனமே கிடையாது. இத்தனை பேர் விரும்பிய அந்த இசை, அதிகாரபூர்வ இசைத்தட்டாக வெளிவந்தது 2003-ல்தான்.

அதே வரிசையில் வந்த ‘பிரே’ (2022) கதையை 1719-க்கு, கொமாஞ்சி பழங்குடிப் பெண்ணிடம் கொண்டுபோனது. சாரா ஷாக்னரின் இசையில் டாவோஸ் புவெப்லோ பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் மிராபலின் புல்லாங்குழல் ஒலிக்கிறது. படத்தைக் கொமாஞ்சி மொழி டப்பிங்கிலேயே முழுதாகப் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன்.

★

காட்ஸில்லா காட்டில் பிறந்ததல்ல. ஆனால் அதற்குக் குரல் கொடுத்தவர் காட்டிலிருந்து வந்தவர். 1954 படத்தின் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, ஹொக்கைடோவில் வனவியல் படித்து வன அதிகாரியாக வேலை பார்த்தவர். அந்தக் கர்ஜனை எந்த மிருகத்துடையதும் அல்ல. முறுக்குத் தளர்த்திய கான்ட்ராபாஸ் தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் உரசிப் பிறப்பித்த ஒலி அது. பிறகு அதன் வேகத்தைக் குறைத்தார்கள்.

★

கொலராடோ மலைகளில் மர்மோட் என்றொரு கொழுத்த தரை அணில் உண்டு. அதை ஆராய்ந்துவந்த டேனியல் புளூம்ஸ்டீன், பிடிபட்ட குட்டிகளின் அலறல் தன்னை உலுக்குவதைக் கவனித்தார். குரல்வளை தாங்கும் அளவை மீறிக் கத்தும்போது ஒலி கரகரத்து உடைகிறது. 2010-ல் அவரும் சகாக்களும் 102 படங்களின் ஒலியைச் சோதித்தார்கள். திகில் படங்களின் இசையிலும் அலறல்களிலும் அதே உடைசல் ஒலிகள். ட்ரம்பெட்டை அளவு மீறி ஊதும்போது வரும் பிளிறல் நம்மை ஏன் திடுக்கிட வைக்கிறது என்பதற்கு, ஒரு குட்டி விலங்கின் உயிர்ப்பயத்தில் விடை இருக்கிறது.

★

அண்டார்டிக் பனிவெளியில் உருமாறும் உயிரைக் காட்டிய ‘தி திங்’ (1982) படத்துக்கு இசை என்னியோ மோரிகோனே. மோசமான இசைக்கான ராஸி விருதுக்கு அதைப் பரிந்துரைத்தார்கள். அந்தப் படத்தில் இடம்பெறாமல் போன சில பகுதிகளை 2015-ல் ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்தில் சேர்த்தார்கள். அதுவும் பனியில் சிக்கியவர்களின் கதை. இரண்டிலும் கர்ட் ரஸ்ஸல் நடித்தார். ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ இசைக்காக மோரிகோனே 87 வயதில் ஆஸ்கர் வாங்கினார்.

★

மறுபடி காங். பீட்டர் ஜாக்சனின் 2005 ‘கிங் காங்’ படத்துக்கு முதலில் இசையமைத்தவர் ஹோவர்ட் ஷோர். படம் வெளியாக இரண்டு மாதம் இருக்கையில் இருவருக்கும் ஒத்துவராமல் ஷோர் விலகினார். ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் சில வாரங்களுக்குள் மூன்று மணி நேரப் படத்துக்கு இசையமைத்து முடித்தார். ஆனால் ஷோர் அதற்கு முன்பே ஒரு காட்சியில் நடித்துவிட்டிருந்தார். சங்கிலியால் கட்டிய காங்கை நியூயார்க் அரங்கில் காட்சிக்கு வைக்கும் இடம் அது. வாத்தியக்குழுவின் முன்னால் கோலைப் பிடித்து நிற்பவர் அவர்தான். அந்தக் குழு வாசிப்பது ஷோருடைய இசையும் அல்ல, நியூட்டன் ஹோவர்டுடைய இசையும் அல்ல. 1933-ல் மாக்ஸ் ஸ்டைனர் எழுதியது.