இரைப்பையைச் சுருக்கிய பிறகு யாரிடம் கேட்பது?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பினாலும், காந்தி சாலைப் பட்டுக் கடையிலிருந்து ஒருவர் கிளம்பினாலும், அநேகமாக அங்கேதான் போகவேண்டியிருக்கிறது. வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறை. பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இரண்டு மூன்று நாளில் டிஸ்சார்ஜ். டயட்டீஷியன் கொடுத்த அச்சடித்த தாளோடு வீடு வந்து சேருகிறார். நான்காம் நாள் ராத்திரி இரண்டு மடக்குத் தண்ணீர் நெஞ்சுக்குழியில் நின்று வலிக்கிறது. இது இப்படித்தான் இருக்குமா, ஏதாவது கோளாறா என்று கேட்க அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

அந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதே அறுவையைச் செய்துகொண்டு ஓராண்டோ ஐந்தாண்டோ கடந்துவிட்ட, நம் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடும், நம் தெருப் பேச்சைக் கேட்டு வாழும் ஓர் ஆள். மருந்தைப் போலவே அவரும் இந்தச் சிகிச்சையில் ஒரு பங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

இது யாரோ சிலரின் பிரச்சினை இல்லை. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. இவர்களில் மிகச் சிலருக்குத்தான் அறுவை தேவைப்படும். ஆனால் அந்தச் சிலரும் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

அறுவை எப்படி வேலை செய்கிறது? 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்ட நோயாளிகள் பிறகு எடை கூடாமல் மெலிந்தே இருப்பதைப் பார்த்துத்தான் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். அதில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். இப்போது நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் குடலைத் தொடுவதில்லை. இரைப்பையின் வெளிவளைவை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒடுங்கிய குழாய்.

இடம் குறைந்ததால் சாப்பாடு குறைகிறது என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரிந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானியர்கள் கண்டறிந்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்வளைவில். ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது அந்த இடமே. சாப்பாடு குடலுக்குச் சீக்கிரம் இறங்குவதால், போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்களும் கூடுகின்றன. இன்று பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகள் போலி செய்வதும் இதே ஹார்மோனைத்தான். 1995-இல் வால்டர் போரீஸ் குழு பைபாஸ் செய்துகொண்ட 608 பேரின் விவரங்களை வெளியிட்டது. அவர்களில் சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்து நிலைத்திருந்தது. பலருக்கு எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சில நாள்களிலேயே சர்க்கரை இறங்கியது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் 20 ஆண்டுக்குப் பிறகும் சராசரியாக 18 சதவீத எடை இழப்பு நீடித்தது. பட்டினி கிடந்து குறைத்த எடை இத்தனை காலம் நிற்பது அபூர்வம். அறுவை செய்துகொள்பவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று சொல்வது அறியாமை, கொடுமையும்கூட.

யாருக்கு அறுவை? 1991-இல் அமெரிக்காவில் வகுத்த விதி, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 40, அல்லது கடும் உடல்நலச் சிக்கல்களோடு 35 என்றது. 2022-இல் சர்வதேச அமைப்புகள் அதைத் திருத்தி 35 என்றாலே போதும் என்றன. குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வரும் ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றன. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 40 என்பது 109 கிலோ, 35 என்பது 95 கிலோ, 27.5 என்பது 75 கிலோ. ஆனால் நம் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில் இன்னும் பழைய கணக்குதான்: பி.எம்.ஐ. 40, அல்லது கடும் சிக்கலோடு 35. அதற்குக் கீழே இருப்பவர் கைக்காசில்தான் செய்துகொள்ள வேண்டும். நாள் குறிக்கும் முன் பாலிசியில் உடல் பருமன் பற்றிய விலக்குப் பிரிவை வரி வரியாகப் படித்துவிடுவது நல்லது.

தயாரிப்புக்கு வருவோம். பல மருத்துவமனைகள் அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்த, கலோரி மிகக் குறைந்த உணவு தருகின்றன. காரணம் கல்லீரல். பருமனானவர்களுக்கு அது கொழுப்பேறிப் பெருத்து, இரைப்பையின் மேல் கவிந்திருக்கும். இரண்டு வாரத்தில் அது சுருங்கினால் அறுவை செய்பவரின் கருவிக்கு வழி கிடைக்கும். இது தெரியாத நோயாளி, 'இனிமேல் எங்கே சாப்பிடப் போகிறோம்' என்று முந்தின வாரம் விருந்து சாப்பிட்டுவிடுகிறார். டாக்டர் சொல்லி ஏறாதது, 'நானும் அப்படித்தான் நினைச்சேன்' என்று ஒருவர் சொன்னால் ஏறும்.

சிகரெட், பீடி, புகையிலை குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நிற்க வேண்டும். எண்டாஸ்கோப்பி, சர்க்கரைக்கான எச்.பி.ஏ1சி, ரத்தசோகை, வைட்டமின் டி, தைராய்டு பரிசோதனைகள் உண்டு. பெரிதாகக் குறட்டை விடுபவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற சோதனை மிக முக்கியம். மயக்கம் கொடுக்கும்போது ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கிறது. தேர்ந்த மையங்களில் இந்த அறுவையில் இறப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான், பித்தப்பை அறுவைக்கு ஒப்பானது. தேர்ந்த மையம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவைக்காகச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு எத்தனை படுக்கை, மயக்க மருத்துவர் இரவில் இருப்பாரா, ஆண்டுக்கு எத்தனை அறுவை, மறுபடி திறக்க நேர்ந்தால் எங்கே? கேட்க வேண்டிய கேள்விகள் இவை. டாக்டர் எதிரே உட்கார்ந்தால் நம்மவர்களுக்கு வாய் வராது. ஏற்கெனவே செய்துகொண்டவர் ஒருவர் கூட வந்தால் வரும்.

அறுவைக்குப் பிறகு முதல் வாரங்கள் அளவுகளின் காலம். தெளிந்த திரவம், பிறகு மோர், பால், பருப்புத் தண்ணி, பிறகு மசித்தது, பிறகு குழைந்தது, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான சாப்பாடு, சின்ன அளவில். தாளில் '30 மில்லி' என்று போட்டிருக்கும். வீட்டில் அது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இருமல் மருந்து பாட்டிலின் அளவு மூடியை எடுத்துக்கொள்ளச் சொல்வார் அனுபவப்பட்டவர். பேச்சு இப்படிப் போகும்:

"அக்கா, தண்ணிகூட இறங்க மாட்டேங்குது. இப்படித்தான் இருக்குமா?"

"மொதல்ல இருக்கும்மா. உள்ள வீக்கம் இருக்குல்ல. ஒரு மூடி குடி, அஞ்சு நிமிஷம் விட்டு இன்னொரு மூடி. மடக்கு மடக்கா குடிக்காத. இன்னிக்கு முழுக்க இறங்கலைன்னா, வாந்தியும் நிக்கலைன்னா எனக்கு போன் பண்ணாத, டாக்டருக்குப் பண்ணு."

அந்தக் கடைசி வாக்கியம் தெரிந்தவர்தான் நல்ல துணை. நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், இடது தோளில் வலி, மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வீக்கம் எல்லாம் தையல் கசிவுக்கோ ரத்தக் கட்டிக்கோ அறிகுறியாக இருக்கலாம். இவற்றுக்குக் கஷாயம் கிடையாது, உடனே மருத்துவமனை. நாள்கணக்கில் தொடரும் வாந்தியில் வைட்டமின் பி1 தீர்ந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவு அறுவைக்குப் பின் சட்டென்று குறையும். 'எனக்கு நிறுத்திட்டாங்க, நீயும் நிறுத்திடு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது பெரும் ஆபத்து.

புரதம்தான் பெரும்பாடு, அதிலும் சைவ வீடுகளுக்கு. நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் தயிரிலும் பருப்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. 150 மில்லி கொள்ளும் இரைப்பைக்குள் இதை எப்படி நிரப்புவது? முதல் மாதங்களில் பலருக்குப் புரதப் பொடி இல்லாமல் முடியாது. பிறகு பனீர், சோயா, சுண்டல், மீன், முட்டை முதலில், சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி இடைவெளி. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுவதும். இரும்பு மாத்திரையும் கால்சியமும் இரண்டு மணி நேர இடைவெளியில். டீயோடு இரும்பு மாத்திரை போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. தறியில் உட்கார்ந்தபடியே டீ வரவழைத்துக் குடிக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

தறி என்றதும் இன்னொன்று. குழித்தறியில் கால்களைக் குழிக்குள் இறக்கி மணிக்கணக்காக உட்கார்வது ரத்தக் கட்டி உருவாக ஏற்ற நிலை. வேலைக்குத் திரும்ப மருத்துவர் அனுமதித்த பிறகும் மணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும். பாவு சுற்றிய கனத்த உருளையைத் தூக்குவது ஆறு வாரத்துக்கு ஆகாது. சென்னை மருத்துவமனைத் தாளில் 'கனமான பொருளைத் தூக்காதீர்கள்' என்று இருக்கும். எது கனம் என்று சொல்ல இன்னொரு நெசவாளர் வேண்டும்.

கோயில் ஊரின் சோதனை பிரசாதம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, இலை விரித்த மூங்கில் குடலையில் நெடுநேரம் வெந்து வருவது. சாதாரண இட்லியைவிட இறுகியது. விரல்நுனித் துண்டை நன்றாக மென்று விழுங்கலாம், ஒரு வில்லை முழுதாக இறங்காது. சர்க்கரைப் பொங்கலில் வேறு ஆபத்து. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலுக்குள் பாய்ந்து, வியர்த்து, படபடத்து, மயக்கம் வருவதுபோல் ஆகும். டம்பிங் என்பார்கள். முன்னமே தெரிந்தவர் பயப்பட மாட்டார்.

மூன்றாம் நான்காம் மாதம் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். அதைவிட வலிப்பது தெருப் பேச்சு. நம் ஊரில் ஒருவர் மளமளவென்று இளைத்தால் முதல் கேள்வி, "என்ன, சுகர் வந்துடுச்சா?" இதற்கு அஞ்சி, வயிற்றில் கட்டி எடுத்தார்கள் என்று சொல்லிவைக்கிறவர்கள் உண்டு. சொன்ன பொய்யைக் காப்பாற்ற விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொல்ல ஓர் இடமாவது இருக்க வேண்டாமா?

கனடாவின் ஒண்டாரியோவில் இந்த அறுவை செய்துகொண்ட 8,815 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு என்னை மிகவும் உலுக்கியது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் விகிதம், அறுவைக்கு முன்பிருந்ததைவிடப் பின்பு சுமார் ஒன்றரை மடங்கானது. பெரும்பாலானவை இரண்டாம் மூன்றாம் ஆண்டில். பாராட்டு ஓய்ந்து, எடை இறங்குவது நின்று, மருத்துவமனை மறந்துபோயிருக்கும் காலம் அது. பைபாஸுக்குப் பின் மது வேகமாக ஏறுவதும் குடிப்பழக்கம் கூடுவதும் தனியே பதிவாகியிருக்கிறது. அறுவை செய்துகொண்டவர்கள் ஒரு குழுவாகக் கூடினால், முதல் மாதத்தவரைவிட மூன்றாம் ஆண்டினரைத்தான் தேடிப்போய்க் கூப்பிட வேண்டும்.

சக நோயாளிகளின் துணை எடையைக் குறைக்குமா? குழுக் கூட்டங்களுக்கு வருபவர்கள் கூடுதலாக எடை இழப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் ஊக்கம் உள்ளவர்களே கூட்டத்துக்கும் வருகிறார்கள் என்ற சந்தேகம் அங்கே இருக்கிறது. நமக்குப் பக்கத்துச் சான்று கேரளத்தில். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் சர்க்கரை வரும் ஆபத்துள்ள 1,007 பேரை வைத்து, அவர்களிலிருந்தே தலைவர்களைப் பயிற்றுவித்துக் குழுக்கள் நடத்தினார்கள். இரண்டாண்டில் குழு இல்லாதவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும், குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானது அல்ல. ஆனால் மது குறைந்தது, காய்கனி உண்பது கூடியது. 2018-இல் இது வெளியானது. நான் இதை ஏமாற்றமாகப் பார்க்கவில்லை. தினசரிப் பழக்கத்தை மாற்றுவதில்தான் சக மனிதரின் பலம். அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கை முழுக்கத் தினசரிப் பழக்கம்.

அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எடைக் குறைப்பு அறுவை மையங்கள் ஆதரவுக் குழு நடத்தியே ஆக வேண்டும். இங்கே சில பெரிய மருத்துவமனைகள் நடத்துகின்றன, பெரும்பாலும் பெருநகரங்களில். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகும். நம்மிடம் வேறொரு வலுவான கட்டமைப்பு இருக்கிறது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தெருவுக்குத் தெரு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அந்தக் குழுக்களிலிருந்து வந்த பெண்களே வீடு தேடி ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை கொண்டுபோகிறார்கள். அறுவை செய்துகொண்டவர் யார், மாத்திரை போடுகிறாரா, ரத்தப் பரிசோதனை எப்போது என்று அவர்களால் கேட்க முடியும். அவர் ஒப்புக்கொண்டால் இன்னொருவரோடு அறிமுகமும் செய்ய முடியும்.

காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கமுள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அந்த நாளில், கூட்டுறவுச் சங்கத்துக் கூடத்திலோ பள்ளி ஒன்றிலோ பத்துப் பேர் கூடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு டயட்டீஷியனும், ஆண்டுக்கு இருமுறை ஒரு மனநல ஆலோசகரும் வந்தால் போதும். எடை பார்க்கும் இயந்திரம் அங்கே வேண்டாம், போட்டி வந்துவிடும். செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவரும் வரலாம், வேண்டாம் என்று முடிவெடுத்துத் திரும்பவும் செய்யலாம். இளம் பெண்கள் வந்தால், அறுவைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை கர்ப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதை அவர்கள் கணவரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். வீட்டில் சமைப்பது மாமியார் என்றால் அவரையும் அழைத்துவரச் சொல்ல வேண்டும். 'இவ்வளவுதான் சாப்பிட்டியா' என்று தட்டில் இன்னொரு கரண்டி வைப்பவர் அவர்தான்.