இயந்திர முகவரும் பொறுப்புடைமையும்

ஒருவர் பொருட்டு மற்றொருவர் கருமமாற்றும் வழக்கம் வாணிகத்தோடு உடன்பிறந்தது. முகவர் தம் பணியிற் செய்த பிழைக்கு அவரை அமர்த்திய முதல்வரும் பொறுப்பாவர் என்பது சட்ட நூலார் நெடுங்காலமாக ஏற்ற கொள்கை. ஆயின் அம்முகவர் மனிதராகாது, பிறர் வினாவுக்கு விடையிறுத்தும் பணஞ் செலுத்தியும் தானே இயங்கும் செயற்கை நுண்ணறிவு நிரலாகுமிடத்துப் பொறுப்பு எவரைச் சாரும்?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு நவம்பரிற் கனடாவில் ஒருவர், உறவினர் இறந்தமையாற் பயணஞ் செய்ய வேண்டியவராய், எயார் கனடா விமான நிறுவனத்தின் உரையாடு நிரலை வினவினார். துக்கப் பயணத்துக்குரிய கட்டணக் கழிவைச் சீட்டு வாங்கிய பின்னரும் 90 நாள்களுக்குட் கோரலாம் என்றது அந்நிரல். நிறுவனத்தின் விதியோ அதற்கு மாறானது. வழக்கு எழுந்தபோது, தன் செயலுக்குத் தானே பொறுப்பாகிய தனியாள் அந்நிரல் என்னும் பொருள்பட நிறுவனம் வாதித்தது. பிரித்தானிய கொலம்பியாவின் குடியியற் பிணக்குகளைத் தீர்க்கும் நியாயசபை 2024 பெப்ரவரியில் அவ்விசித்திர வாதத்தைத் தள்ளி, ஏறக்குறைய 812 கனடிய டொலரைச் செலுத்துமாறு பணித்தது.

அவ்வழக்கில் உரையாடலின் படி முறைப்பாட்டாளரிடம் இருந்தது அவரது நற்பேறு. பதிவு நிறுவனத்தாரிடம் மாத்திரம் இருந்திருப்பின் முகவர் கூறியது யாதென நிறுவுதல் அரிதாகியிருக்கும். இக்குறையை நீக்க வல்லது கட்டச்சங்கிலி எனப்படும் பிளொக்செயின். இது பலர் கணினிகளில் ஒரே படியாக வைக்கப்படும் பேரேடு. ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்திய கட்டத்தின் சுருக்கக் குறியைத் தன்னகத்தே தாங்கி நிற்றலின், பழைய பதிவில் ஓரெழுத்தை மாற்றினும் அதன் பின்னுள்ள குறிகள் யாவும் பொருந்தாதொழியும். திருத்தியவர் தம் படியைத் திருத்தலாம். ஏனையோர் படிகள் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

இப்பேரேட்டின்மீது இயங்குவது திறன் ஒப்பந்தம். 1990களில் இக்கருத்தை வகுத்த நிக் சாபோ, நாணயமிட்டாற் பண்டந்தரும் பொறியை இதன் மூதாதையாகக் கொண்டார். நிபந்தனை நிறைவேறின் பொருள் கைமாறும். இடையே எவர் தயவும் வேண்டா. 2015இல் தொடங்கிய எதீரியம் வலையமைப்பு இதனைப் பெருவழக்காக்கியது. ஆகவே முகவர் நிரலின் உடைமையாளரிடம் முன்கூட்டியே பிணைப்பணம் பெற்று ஒப்பந்தத்திற் பூட்டிவைக்கலாம். நாளொன்றுக்கு இத்துணையே செலவிடலாம் என வரம்பிடலாம். வரம்பு மீறிய கட்டளையை ஒப்பந்தமே மறுக்குமாறும் செய்யலாம்.

வரம்பு எங்கே எழுதப்படுகின்றது என்பதே இதில் உயிர்நிலை. 2024 நவம்பரில் நிகழ்ந்த ஃபிரெய்சா என்னும் போட்டி இதற்குத் தக்க சான்று. தன் பொறுப்பிலுள்ள பணத்தை எவர்க்கும் கொடுத்தலாகாது என ஒரு நுண்ணறிவு முகவர்க்குப் பணிக்கப்பட்டிருந்தது. கட்டணஞ் செலுத்தி அதனை வசப்படுத்த முயன்றோரின் 481 முயற்சிகள் வீணாயின. 482ஆம் முறை எழுதியவர், பணத்தை வெளிவிடும் கட்டளை உண்மையில் வரவை ஏற்பதற்கானது என அதனை நம்பவைத்து, தாம் 100 டொலர் வழங்க விரும்புவதாகவும் கூறினார். முகவர் ஏறத்தாழ 47,000 டொலர் பெறுமதியான நிதி முழுவதையும் அவர்க்கு ஈந்தது! பேரேடு யாவற்றையும் பிழையறப் பதிந்தது. ஒப்பந்தம் உடனே பணத்தைச் செலுத்தியது. தடை முகவரின் காதில் ஓதப்பட்ட அறிவுரையாக மாத்திரம் இருந்தது. அஃது ஒப்பந்த நிரலிலேயே பொறிக்கப்பட்டிருப்பின் சொல்வன்மை பலித்திராது.

நிரலும் பிழைபடும் என்பதை மறத்தலாகாது. 2016 யூனில் 'டி.ஏ.ஓ.' என்னும் பொதுநிதியில், எடுத்த தொகை கணக்கிற் கழிக்கப்படுமுன் மீண்டும் மீண்டும் எடுக்க இடங்கொடுத்த ஒரு வழுவினால் ஒருவர் 36 இலட்சம் ஈதரை வெளியேற்றினார். அடுத்த மாதம் எதீரிய சமூகத்திற் பெரும்பாலார் உடன்பட்டு அந்நிகழ்வைச் செல்லாதாக்கினர். உடன்படாதோர் பழைய சங்கிலியையே தொடர, வலையமைப்பு இரண்டாயிற்று. மாற்றொணாதது எனப்பட்டதை மனிதர் கூடி மாற்றினர்.

மேலும், ஒப்பந்தம் தன் பேரேட்டில் உள்ளதை மாத்திரமே அறியும். முகவர் வாங்கிய பண்டம் பழுதானதா, கூறிய விடை பொய்யா என்பவற்றை வெளியிலிருந்து ஒருவரோ ஒரு கருவியோ அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்புப் பொய்யாயின் தண்டமும் பிழையாகவே விழும். பேரேடு அறிவதும் ஒரு பொதுத் திறவுகோலை மட்டுமே. அதன் உடையார் பெயரை அன்று. முகவரை இயக்குவோர் தம் பெயரைப் பதிந்து, போதிய பிணையும் வைத்தாலன்றி, கனடியப் பயணியைப் போன்ற ஒருவர் நியாயசபையின் முன் எவரை அழைப்பது?