கட்டிலில் படுத்தவரையும் தாக்கும் வெப்பம்

மைசூரு கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளுகுளு ஊர் என்ற அந்தப் பெயரே மார்ச் முதல் மே வரை நம்மை அசட்டையாக இருக்கச் செய்கிறது. வெப்பத்தாக்கு வெயிலில் உழைப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல. மொட்டைமாடிக்கு நேர் கீழே, காற்றோட்டமில்லாத வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் வரும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதியவர்கள், பச்சிளம் குழந்தைகள், இதய, சிறுநீரக நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள். சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரைகளும் சில மனநல மருந்துகளும் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதைத் தடுக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

உடல் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டுவதோடு மனக்குழப்பம், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் வெப்பத்தாக்கைச் சந்தேகிக்க வேண்டும். தோல் வறண்டிருக்கலாம், வியர்த்தும் இருக்கலாம். மருத்துவமனையில் இதைக் கிருமித்தொற்றுக் காய்ச்சல் என்றோ வயோதிகத் தடுமாற்றம் என்றோ எண்ணிவிடுவது எளிது. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டக்கூடும். ஆசனவாய் வழியே அளப்பதே நம்பகமானது.

முதல் அரை மணி நேரம்

தொற்று இருக்கிறதா என்று பரிசோதிக்கட்டும். ஆனால் முடிவு வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீரால் நனைத்து, மின்விசிறியை நேராகத் திருப்புங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் ஐஸ் பொட்டலம் வைக்கலாம். பனிக்கட்டி நீர்த்தொட்டியில் அமிழ்த்துவது இன்னும் வேகமானது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை 2024 கோடையில் அத்தகைய தொட்டிகளுடன் தனிப்பிரிவே திறந்தது. வெப்பம் 102 டிகிரிக்கு இறங்கியதும் குளிர்விப்பதை நிறுத்திக் கண்காணிப்பார்கள்.

பாராசிட்டமால் இதற்குப் பலன் தராது. கல்லீரலுக்குக் கேடும் செய்யலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றை மருத்துவர்கள் தொடர்ந்து பார்ப்பார்கள்.

வார்டை மாற்றினாலே பலன்

2010 மே மாதம் அகமதாபாத் கடும் வெப்ப அலையில் தவித்தது. அங்குள்ள சாரதாபென் மருத்துவமனையில் மேல்மாடியில் இருந்த மகப்பேறு வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அதன்பின் வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்குச் சேர்க்கப்படும் சிசுக்கள் குறைந்தார்கள். மைசூரு மருத்துவமனைகளும் இதைச் செய்ய முடியும்.

துணைக்கு இருப்பவர்களே, நோயாளியின் பேச்சு மாறினால், உடல் கொதித்தால், ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நனைத்துக்கொண்டே இருங்கள்.