தாத்தாவின் சிறுநீரகக் கல்

மாணவர்களே, சித்திரை வெயிலில் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மிதிவண்டியில் சென்று பாருங்கள். சட்டை நனைந்துவிடும், பிறகு கழியும் சிறுநீர் அடர்மஞ்சளாக இருக்கும். நீர் குறைந்து, உப்புகளின் செறிவு கூடிவிட்டது என்பதே பொருள். ஆய்வகத்தில் பூரிதக் கரைசலிலிருந்து மயில்துத்தப் படிகம் வளர்த்திருப்பீர்கள் அல்லவா? சிறுநீரகக் கல்லும் அவ்வாறு வளரும் படிகமே. பெரும்பாலும் கால்சியம் ஆக்ஸலேட்டு. முதுமையில் தாக உணர்வு குறைவதால் தாத்தா பாட்டிகள் தண்ணீரை மறந்துவிடுகின்றனர்.

கால்சியம் என்றதும் பால்கோவாவின்மேல் பழி போடாதீர்கள். உணவிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். சர்க்கரைக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்!

முன்பெல்லாம் விலாப்பக்கத்தை நீளமாக அறுத்தே கல்லை எடுத்தார்கள். நம் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி சுருள் சுருளாகத் தேவைப்பட்டது. 1976இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ராம், ஜோஹான்சன் என்ற இருவர், முதுகில் துளையிட்டுக் குழாய் வழியே கல்லை எடுத்ததை அறிவித்தனர். அக்குழாயின் விட்டம் வழக்கமாக 8 முதல் 10 மி.மீ. இன்று 5 மி.மீ. குழாய்களும் உள்ளன. விட்டம் பாதியானால் துளையின் பரப்பு கால் பங்காகிவிடும். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. அங்கே துளை சிறுத்தால் இரத்தப்போக்கு குறையும். முதியவர்களுக்கு இது பெரிய இலாபம்.

ஆனால், 20 மி.மீ. கல் 5 மி.மீ. குழாயில் எப்படி வரும்? உள்ளேயே உடைக்க வேண்டும். அதற்கு ஹோல்மியம் லேசர் உதவுகிறது. அதன் அலைநீளம் 2.1 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நீர் இதை மிக நன்றாக உட்கவர்வதால், அரை மில்லிமீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். மயிரிழை போன்ற கண்ணாடி இழையின் நுனியில் நீர் கணத்தில் ஆவிக்குமிழியாகிறது. குமிழி வழியே செல்லும் ஒளி கல்லைச் சுட்டுப் பொடியாக்குகிறது. சற்றுத் தள்ளியுள்ள தசைக்குத் தீங்கில்லை.

சிறிய துளையே எப்போதும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பெரிய கல்லைப் பொடியாக்க நேரமாகும். மயக்க மருந்தின் நேரமும் நீளும். குறுகிய குழாயில் கழுவு நீர் எளிதில் வெளியேறாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். சிறுநீரில் கிருமி இருந்தால் அந்த அழுத்தம் அதை இரத்தத்துக்குள் தள்ளக்கூடும். தளர்ந்த உடல் அதைத் தாங்குவது கடினம். ஆகவே முதலில் கிருமியை ஒழித்து, பிறகே துளையிடுவர்.

துளையே இல்லாத முறையும் உண்டு. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில், உடலுக்கு வெளியிலிருந்து அதிர்ச்சி அலைகளைக் குவித்து முதன்முதலாக ஒரு நோயாளியின் கல்லை உடைத்தனர். எனினும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களுக்கு, அதை நிறுத்த முடியாதபோது, இம்முறை ஆகாது. சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கசியலாம். அவர்களுக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய லேசர் இழையைச் செலுத்துவர். எனவே தாத்தாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, அவர் உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.