வண்டியை உயர்த்துமுன்

சரக்கு ஏற்றுவதற்கென்றே பிறந்த பிக்கப் வண்டி இன்று குடும்ப வண்டியாகவும், மலைப் பயணத்துக்குரிய வண்டியாகவும் மாறிவிட்டது. 2016ஆம் ஆண்டில் இசுஸுவின் வி-கிராஸும், 2022ஆம் ஆண்டில் டொயோட்டாவின் ஹைலக்ஸும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபின், பெருநகரங்களில் வாழும் இளைஞர் பலர் இவற்றின்பால் மனம் பற்றினர். வண்டி வீடு வந்து சேர்ந்த சில திங்களிலேயே அவர்தம் உள்ளத்தில் இரண்டு ஆசைகள் எழுகின்றன. ஒன்று, சற்றே தாழ்ந்து நிற்கும் முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்துக்குச் சமமாக்குதல். மற்றொன்று, பெரிய டயர் பூட்டுதல்.

அமெரிக்காவில் நெடுநாளாக வழங்கிவரும் இப்பழக்கத்தைக் குற்றமென்று ஒதுக்குவது நம் நோக்கமன்று. லடாக்கிலும் ஸ்பிதியிலும் கற்கள் நிறைந்த பாதையில், நீரோடைகளைக் கடந்து செல்வோர்க்கு வண்டியின் அடிவயிறு தரையினின்று உயர்ந்திருப்பது மெய்யாகவே பயன்தரும். ஆயினும், இம்மாற்றத்தின் பயன் உடையவனுக்கும், அதனால் விளையும் இடரில் பெரும்பங்கு எதிரே வருவோனுக்கும் போய்ச் சேர்கிறது. இதனை எண்ணிப் பார்ப்பார் சிலரே. ஆதலின் இதுபற்றிச் சிறிது விரிவாகக் கூறுவோம்.

முன்பக்கம் தாழ்ந்திருப்பது ஏன்?

பிக்கப் வண்டியின் முன்சக்கரங்களைச் சுருள்வில்லும், பின்சக்கரங்களை அடுக்கடுக்கான பட்டைவில்லும் தாங்குகின்றன. பின்தட்டில் பாரம் ஏற்றினால் பட்டைவில் அமுங்கும். அவ்வாறு அமுங்கியபின் வண்டி மட்டமாக நிற்கவேண்டும் என்பதற்காகவே, வெற்று வண்டியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி அமைக்கின்றனர். பார்வைக்குக் குறையாகத் தோன்றும் இச்சாய்வு, உண்மையில் பாரத்துக்காக ஒதுக்கிவைத்த இடமேயாகும்.

இச்சாய்வைப் போக்க, முன்பக்கச் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதியின் தலையில் ஓர் இரும்பு அல்லது அலுமினிய வளையத்தை வைத்துப் பூட்டுகின்றனர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அத்தொகுதியின் அடிமுனை சக்கரத்தின்மீது நேரே நிற்பதில்லை. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் இடைப்பகுதியில் நிற்கிறது. ஆகவே 25 மில்லிமீட்டர் தடித்த வளையம் வைத்தால் வண்டி பெரும்பாலும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரும். இதனை அறியாத பட்டறையில் ‘இரண்டு அங்குலம் உயரவேண்டும்’ என்று கேட்டு இரண்டு அங்குல வளையத்தையே பூட்டிக்கொள்வோர், மூட்டுகளையும் நான்கு சக்கர இயக்கத்துக்குரிய முன் அச்சுத்தண்டுகளையும் தாங்கவொண்ணாக் கோணத்தில் நிறுத்தியவராவர். அக்கோணத்தில் ஓடும் அச்சுத்தண்டின் ரப்பர் உறை நாளடைவில் கிழியும். கிழிந்த வழியே மண் புகும். பின்னர் மூட்டே தேய்ந்து கெடும்.

விளக்கு செய்யும் வினை

இனி, எதிரே வருவோனைப் பற்றிய செய்திக்கு வருவோம். இவ்வண்டிகளின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 3.1 மீட்டர். முன்பக்கத்தை மட்டும் 50 மில்லிமீட்டர் உயர்த்தினால், வண்டி ஏறத்தாழ ஒரு பாகை மேல்நோக்கிச் சாய்கிறது. ஒரு பாகைதானே என்று எண்ணற்க. 50 மீட்டர் தொலைவில் விளக்கொளி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் மேலே போய்விழும். தாழ்த்திய விளக்கு எதிரே வருவோர் கண்ணைக் கூசாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையில் கொடுத்த சாய்வு முழுவதும் இவ்வொரு பாகையிலேயே கரைந்துபோகிறது. அதன்மேல் பின்தட்டில் பாரமும் ஏறிவிட்டால், மூக்கு இன்னும் நிமிரும். ஓட்டுநர் விளக்கைத் தாழ்த்திவிட்டதாக நம்பி நிம்மதியாகச் செல்வார்; எதிரே இருசக்கர வண்டியில் வருபவரோ வழி தெரியாமல் கண் கூசித் தடுமாறுவார்.

இதற்குப் பரிகாரம் எளிது. உயர்த்திய அன்றே, சமதரையில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, முகப்பு விளக்குகளின் திருகைத் திருப்பி ஒளியைத் தாழ்த்தவேண்டும். பாரம் ஏற்றும்போது, ஓட்டுநர் இருக்கையருகே விளக்கைத் தாழ்த்தும் சக்கரம் இருப்பின், அதனையும் பயன்படுத்தவேண்டும். அரைமணி நேர வேலையே இது. ஆயினும் பலர் செய்யாது விடுவது இதுவே.

பெரிய டயரின் கணக்கு

அடுத்து டயர். இவ்வகை வண்டிகளில் பரவலாகக் காணப்படும் அளவு 265/65 ஆர் 17. அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 65 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 17 அங்குலம். கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். இதற்கு மாற்றாக இளைஞர் விரும்பும் 285/70 ஆர் 17 டயரின் விட்டம் ஏறத்தாழ 831 மில்லிமீட்டர். வேற்றுமை 55 மில்லிமீட்டர். இதில் பாதியளவே, அஃதாவது 27 மில்லிமீட்டரே, வண்டி தரையினின்று உயரும்.

இவ்வூதியத்துக்குக் கொடுக்கும் விலையைக் கேளுங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 7 விழுக்காடு கூடுதலாக முன்செல்லும். வேகமானியோ இதனை அறியாது. அது 80 என்று காட்டுகையில் சக்கரம் ஏறத்தாழ 86 கிலோமீட்டர் வேகத்துக்குரிய சுற்றளவை உருட்டிக்கொண்டிருக்கும். வேகமானி சிறிது கூட்டிக் காட்டும்படியே பொதுவாக அமைக்கப்படுவதால், முதலில் இடைவெளி தெரியாமற் போகலாம். ஆனால் பாதுகாப்புக்கென வைத்த அந்தச் சிறு எல்லை இங்கே செலவாகிவிடுகிறது.

பிரேக்கின் நிலையும் அவ்வாறே. மிதியில் கால் அதே அழுத்தம் தந்தாலும், ஆரம் பெருகியதால் தரையில் கிட்டும் தடுப்பு விசை ஏறத்தாழ 6.5 விழுக்காடு குறைகிறது. பெரிய டயரின் எடையும் சுழற்சியும் சேர்ந்து நிறுத்தத்தைப் பின்னும் தாமதிக்கச் செய்யும். ஏற்றத்தில் இழுவை குறையும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்புகையில் டயர் உட்புறத்தில் உரசவும் கூடும். ஈர்ப்பு மையம் மேலேறுவதால், திடீரென வளைக்கும்போது கவிழும் அபாயமும் மிகும்.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது என்று விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு திங்கள் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகைசெய்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் நிறுவனம் சொந்தச் சேதத்துக்கான தொகையை மறுப்பதற்கும் இம்மாற்றம் காரணமாகலாம். ஒரு மாநிலத்தில் பதிந்து மற்றொரு மாநிலத்தில் ஓட்டும் நம் குடும்பத்தார், சோதனைச் சாவடியில் ஆர்.சி. புத்தகத்தை நீட்ட நேரும்போது இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

செய்யத் துணிந்தோர்க்கு

முதலாவதாக, தயாரிப்பாளர் அதே வண்டிக்கு அங்கீகரித்த டயர் அளவுகளுக்குள் நிற்பதே சாலச் சிறந்தது. கற்பாதைக்கு உகந்த ஆழ்ந்த பள்ளமுள்ள டயர் அதே அளவிலும் கிடைக்கிறது; மலைப் பயணத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

இரண்டாவதாக, முன்பக்கத்தை உயர்த்த எண்ணுவோர் வளையம் வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷ்யூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவதாக, டயரின் பக்கத்தில் பொறித்துள்ள பாரக் குறியீடு பழையதற்குக் குறையாதிருத்தல் வேண்டும். 112 என்ற எண் 1,120 கிலோவைத் தாங்கும் எனப் பொருள்படும். மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவாயிருத்தல் இன்றியமையாதது. அளவு வேறுபட்ட சக்கரங்களுடன் நான்கு சக்கர இயக்கத்தை உறுதியான தரையில் பயன்படுத்தினால் பற்சக்கரங்கள் இறுகிச் சேதமுறும்.

நான்காவதாக, வேலை முடிந்தவுடன் வீல் அலைன்மெண்ட் பார்த்தல், விளக்கைத் தாழ்த்துதல், 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்குதல் ஆகிய மூன்றையும் மறவாது செய்தல் வேண்டும்.

வண்டி நமதே, ஆயினும் சாலை பலருக்கும் பொது. தந்தை வாங்கித் தந்த வண்டியாயினும், தானே உழைத்து வாங்கிய வண்டியாயினும், அதனை அழகுபடுத்தும் உரிமை இளைஞர்க்கு உண்டு. இரவில் எதிரே வரும் முகமறியா மனிதரும் தம் வீடு போய்ச் சேரவேண்டியவரே என்னும் எண்ணம் அவ்வுரிமையுடன் சேர்ந்திருக்குமாயின், வண்டி எவ்வளவு உயர்ந்தாலும் நமக்குக் கவலையில்லை.