ஏசி இல்லாத கண்ணாடி மாளிகை

பெங்களூர் லால்பாக்கின் கண்ணாடி மாளிகையைக் குளிர்விக்க இயந்திரம் தேவைப்படவில்லை. அந்த வேலையை ஊரே செய்தது. இப்போது?

கண்ணாடி மாளிகை என்றால் உள்ளே தனியொரு தட்பவெப்பம் இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் அதற்காகத்தான் அதைக் கட்டினார்கள். வெயில் கண்ணாடி வழியே நுழைந்து மண்ணையும் இலையையும் சூடாக்கும். சூடான காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். போதாததற்கு வெந்நீர்க் குழாய்கள். லண்டன் கியூ தோட்டத்தில் 1848ல் கட்டி முடித்த பனை மாளிகையில் வெப்ப நாட்டு மரங்கள் பிழைத்திருப்பது இப்படித்தான்.

பெங்களூர் லால்பாக்கில் கதை வேறு. இங்குள்ள கண்ணாடி மாளிகையின் பக்கங்கள் திறந்தே கிடக்கின்றன. காற்று ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் போகிறது. ஹீட்டரும் இல்லை, கூலரும் இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் அதற்கெல்லாம் அவசியம் இருக்கவில்லை. மழையும் கடும் வெயிலும் நேரே விழாமல் ஒரு கூரை, அது போதும்.

1889 நவம்பர் 30 அன்று இதற்கு அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா மகாராணியின் பேரன், இளவரசர் ஆல்பர்ட் விக்டர். வார்ப்பிரும்புத் தூண்களும் வளைவுகளும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உள்ள சாரசன் வார்ப்படச் சாலையில் உருவாகிக் கப்பலேறி வந்தன. முன்மாதிரி, 1851ல் லண்டன் ஹைட் பார்க்கில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ். அந்த அசல் 1936ல் தீக்கிரையானது. பெங்களூரின் மாளிகையோ 1935ல் கிழக்குப் பக்கம் இன்னும் நீட்டப்பட்டு, இன்றும் ஆண்டுக்கு இரு முறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி, மலர்க் கண்காட்சியால் நிரம்பி வழிகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்திறங்கும் நாட்களில் இங்கே கன்னடத்துக்குச் சமமாகத் தமிழும் கேட்கும்.

கூட்டம் வேண்டாம் என்பவர்கள் சாதாரண நாளில் அதிகாலையில் போவது நல்லது. 2017 முதல் மெட்ரோ ரயிலில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாசல் பக்கம்தான். உள்ளே 240 ஏக்கர். ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறைக் குன்று, அதன் தலையில் கெம்பே கவுடா கோபுரம். பாறையில் ஏறி நின்றால் பச்சை எங்கே முடிகிறது, கான்கிரீட் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டலாம்.

வந்து வேரூன்றியவை

லால்பாக்கின் வரலாறே வெளியிலிருந்து வந்தவை இந்த மண்ணில் வேர்விட்ட வரலாறுதான். 1760ல் ஹைதர் அலி தொடங்கியபோது இது சுமார் 40 ஏக்கர் தோட்டம். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்தார். வெள்ளைக்காரர் ஆட்சியில் 1874ல் பொறுப்பேற்ற ஜான் கேமரூன், பொருளாதாரப் பயனுள்ள செடிகளைப் பரிசோதிக்கும் களமாக இதை மாற்றினார். அவர் அறிமுகப்படுத்திய ஒன்று நம் சமையலறை வரை வந்துவிட்டது. சாம்பாரிலும் கூட்டிலும் போடுகிறோமே சௌ சௌ, அதற்குத் தமிழ்நாட்டில் பெங்களூர் கத்தரிக்காய் என்று பெயர் வந்ததன் பின்னணி இதுதான். அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்.

1908ல் வந்தார் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல். ஜெர்மானியர்; கியூவிலும் பரோடாவிலும் வேலை பார்த்தவர். ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்க வேண்டும், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தெருவில் நிறம் இருக்க வேண்டும் என்ற கணக்கோடு நகரச் சாலைகளில் மரம் நட வைத்தவர் அவர். ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, அடுத்து ஊதா ஜகரண்டா, கோடையில் செக்கச் சிவந்த குல்மோகர் என்று பெங்களூர் இன்றும் அனுபவிப்பது அவருடைய அட்டவணையைத்தான். சுதந்திரத்துக்குப் பின் எம்.எச். மரிகவுடா தோட்டத்தை விரிவுபடுத்தினார்.

சிங்கப்பூரில் தலைகீழ்

இனி சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே 2012ல் திறந்த 'கார்டன்ஸ் பை தி பே' தோட்டத்தில் இரண்டு பிரம்மாண்டக் கண்ணாடிக் கூடங்கள். ஒன்றில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மலர்கள். மற்றொன்றில் 35 மீட்டர் உயரச் செயற்கை மலை, அருவி, மூடுபனி. வெளியே புழுங்கினாலும் உள்ளே மலைப்பிரதேசக் குளுமை. ஐரோப்பா வெப்பத்தை உள்ளே அடைக்கக் கட்டிய கட்டடத்தை, சிங்கப்பூர் வெப்பத்தை வெளியே நிறுத்தக் கட்டியிருக்கிறது. பூங்காக்களில் கழித்த மரக்கிளைகளை எரித்து அதில் கிடைக்கும் ஆற்றலையும் குளிரூட்டப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் இயந்திரம் நின்றால் மலை நாட்டுச் செடிகளின் கதி அதோகதிதான்.

பெங்களூருக்கு அந்தச் செலவு வைக்காமல் காத்தவை உயரமும் மரங்களும் ஏரிகளும். உயரம் மாறவில்லை. மற்ற இரண்டும் வேகமாகக் குறைந்தன. 2016 ஏப்ரலில் நகரின் வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மின்விசிறியே வேண்டாத ஊர் என்று பெரியவர்கள் பெருமையடித்த இடத்தில், இன்று வீட்டுக்கு வீடு ஏசி. இலை செய்த வேலையை மின்சாரம் செய்கிறது. அந்த ஏசி கக்கும் சூடோ தெருவுக்கு வருகிறது.

இந்த நிலையில் மிச்சமிருக்கும் பச்சைக்கும் போட்டி. 2009ல் மெட்ரோ ரயிலுக்காக லால்பாக்கின் சுற்றுச்சுவரில் ஒரு பகுதி இடிபட்டு மரங்கள் வெட்டப்பட்டபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஹெப்பாள் - சில்க் போர்டு சுரங்கச் சாலைக்காக 2025ல் மறுபடி லால்பாக் நிலத்தின் மேல் பார்வை விழுந்ததும் எதிர்ப்பு வெடித்தது. போக்குவரத்து நெரிசலில் தினமும் மணிக்கணக்கில் சிக்குபவர்களின் வேதனையும் பொய்யில்லை. மெட்ரோ வந்ததால்தான் இன்று பலரால் லால்பாக்குக்கே எளிதாக வர முடிகிறது. ஆனால் ஒவ்வொரு திட்டமும் 'ஓரமாகக் கொஞ்சம்தான்' என்றே கேட்கிறது. ஓரங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் நடுப்பகுதி வந்துவிடும்.

கிளாஸ்கோ இரும்பு இன்னும் நூறாண்டு தாங்கலாம். பக்கங்களைத் திறந்தே வைத்திருக்க முடியுமா என்பதைச் சுற்றியுள்ள மரங்கள்தான் முடிவு செய்யும்.